முப்பந்தல் முதல் முள்ளக்காடு வரை

தூத்துக்குடிக்குத் தெருவிளக்கு பார்க்கப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். "நம்ம தெருவுல எரியாத விளக்கு நாலு கெடக்கு. அதப் பாத்தா போதாதா?" என்றாள் தங்கை. பதில் சொல்ல நேரமில்லை. வடசேரி பஸ் நிலையத்தில் திருநெல்வேலி பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

விஷயம் இதுதான். 2025 செப்டம்பர் 5, வ.உ.சி.யின் பிறந்தநாள். அன்று அவர் பெயர் தாங்கிய தூத்துக்குடித் துறைமுகத்தில் சோதனை முயற்சியாக ஒரு பசுமை ஹைட்ரஜன் ஆலையை மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் திறந்துவைத்தார். செலவு 3.87 கோடி ரூபாய். மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் கிடைக்கும். அதைக்கொண்டு துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளும், மின்வண்டிகளுக்கு சார்ஜ் ஏற்றும் நிலையம் ஒன்றும் இயங்கும் என்று செய்தி. ஆலை சின்னதுதான். இதன் பின்னால் வரிசையில் நிற்பவை சின்னவை அல்ல. 2022 ஜூலையில் ஆக்மி நிறுவனம் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டபோது சொன்ன தொகை 52,474 கோடி. 2024 ஜனவரியில், சென்னை முதலீட்டாளர் மாநாட்டில், சிங்கப்பூரின் செம்ப்கார்ப் சொன்னது 36,238 கோடி. துறைமுகம் தன் நிலத்தில் ஏறக்குறைய 500 ஏக்கரை நான்கு நிறுவனங்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. இவ்வளவு பெரிய தொகைகள் எனக்குப் பிடிபடுவதில்லை. தெருவிளக்கு பிடிபடும். அதனால் அங்கிருந்து தொடங்கலாம் என்று கிளம்பினேன்.

புரட்டாசி பிறந்தும் காற்று முழுதாக அடங்கவில்லை. ஆரல்வாய்மொழி தாண்டியதும் ஜன்னலோரத்துக்காரர்கள் ஒவ்வொருவராக ஷட்டரை இறக்கினார்கள். மேற்கு மலைத்தொடர் முடியப்போகிற இடத்தில் இருக்கும் கணவாய் இது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று வேறு வழியில்லாமல் இந்த இடுக்குக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து, முப்பந்தலில் அவிழ்த்துவிட்ட கன்றாக ஓடும். சாலையின் இருபக்கமும் காற்றாடிகள். தமிழ்நாட்டில் காற்றாலைகளின் மொத்தத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. குஜராத்துக்கு அடுத்த இடம். கணிசமான பங்கு இந்தத் தெற்கு மாவட்டங்களில்தான் சுற்றுகிறது.

காற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வைகாசியில் வந்தால் புரட்டாசி வரை விடாது. ஐப்பசிக்குமேல் தேடினாலும் கிடைக்காது. சீசன் உச்சத்தில் கம்பிகள் தாங்காமலோ தேவை குறைந்தோ ஓடுகிற காற்றாடியை நிறுத்தச் சொல்லும் நாட்களும் வரும். 'பேக்டவுன்' என்று காற்றாலைக்காரர்கள் சலித்துக்கொள்வது இதைத்தான். அப்படி வீணாகும் மின்சாரத்தைத் தண்ணீருக்குள் செலுத்தினால், தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். பள்ளிக்கூடத்தில் இரண்டு பென்சில் முனையும் ஒரு பேட்டரியும் வைத்துச் செய்து காட்டியதேதான். அதைப் பெரிய அளவில் செய்யும் எந்திரத்துக்குப் பெயர் எலக்ட்ரோலைசர். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 50 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் காற்றிலிருந்தோ வெயிலிலிருந்தோ வந்தால் 'பசுமை'. நிலக்கரியிலிருந்து வந்தால், அதே வாயு, அதே மணமின்மை, ஆனால் புகைக்கணக்கு பழையதைவிட மோசம்.

காவல்கிணற்றில் இறங்கினேன். வந்த வழியில் இடப்பக்கம் மேகம் மூடிக் கிடந்தது மகேந்திரகிரி. ஹைட்ரஜனைப் பார்க்கத் தூத்துக்குடி போகிறவன் முதலில் கும்பிட வேண்டிய மலை அது. இஸ்ரோவின் கிரயோஜெனிக் எஞ்சின்களை அங்கேதான் நிறுத்திவைத்து எரித்துப் பார்க்கிறார்கள். அவற்றின் எரிபொருள், பூச்சியத்துக்குக் கீழே 253 டிகிரியில் திரவமாக்கிய ஹைட்ரஜன். மண்ணெண்ணெய்போல் டின்னில் அடைத்துத் தூக்கிப்போக முடியாத சரக்கு. இது எவ்வளவு பொல்லாதது என்று இந்த மலைக்குத் தெரியும்.

ராதாபுரம், திசையன்விளை என்று மாறி மாறி ஏறினேன். திசையன்விளையில் ஏறிய பஸ்ஸில் பாதிப்பேர் குலசை தசராவுக்குப் போகிறவர்கள். எனக்கு எதிரே நின்றவர் காளி. முகமெல்லாம் நீலம், தொங்கும் நாக்கு, தகரத்தில் செய்த எட்டுக் கை, இடுப்புவரை சடை. "தாயீ, சடை அடுத்த ஆளு மேல படுது, கொஞ்சம் உள்ள வாங்க" என்றார் கண்டக்டர் பயபக்தியோடு. கூட்டம் குறைந்து காளிக்கு என் பக்கத்தில் இடம் கிடைத்ததும் பேச்சுக்கொடுத்தேன். விரதம் 41 நாள். ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி முத்தாரம்மனுக்குச் செலுத்த வேண்டும். மற்ற நாட்களில் அவர் வெல்டர். பெரிய ஆலைகள் கட்டும்போது ஒப்பந்தக்காரர்கள் கூப்பிடுவார்கள்.

"ஹைட்ரஜன் கம்பெனி வருதுன்னு சொல்லுதாவளே, வேலை கிடைக்குமா?"

காளி யோசித்தார். "கட்டும்போது கிடைக்கும் அண்ணாச்சி. ரெண்டு வருசம், மூணு வருசம் பைப் லைன் வேலை இருக்கும். ஓட ஆரம்பிச்சிட்டா நாம கேட்டுக்கு வெளியதான். உள்ள கம்ப்யூட்டர் முன்னால பத்துப் பேரு இருப்பாவ."

எட்டுக் கையோடு சொன்னதாலோ என்னவோ, தீர்ப்புபோல இருந்தது. மாநாட்டுக் கணக்கும் அவர் பக்கம்தான். செம்ப்கார்ப்பின் 36,238 கோடிக்கு அறிவித்த வேலைகள் 1,511. வகுத்தால் ஒரு வேலைக்கு ஏறக்குறைய 24 கோடி. பீடிக்கடையோ தீப்பெட்டி ஆலையோ வைத்தால் இந்தப் பணத்துக்குப் பாதி மாநிலத்துக்கு வேலை கொடுக்கலாமே என்று கேட்பது நியாயமல்ல. இது வேறு வகைத் தொழில். ஆனால் 'ஆயிரக்கணக்கானோருக்கு வேலை' என்று மேடையில் முழங்குவதை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். பிராந்தியத்துக்குப் பலன் என்று ஒன்று வருமானால், அது வேறு வழியாகத்தான் வரவேண்டும்.

காளி குலசேகரன்பட்டினத்தில் இறங்கிப்போனார். ராக்கெட் ஏவுதளம் கட்டும் ஊரும் அதுவே. 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் தூத்துக்குடிக்கு வந்தபோது ஒரே மேடையில் இந்த ஏவுதளத்துக்கும், துறைமுகத்தின் வெளித்துறைமுக முனையத்துக்கும் அடிக்கல் நாட்டினார். தூத்துக்குடியை ஹைட்ரஜன் துறைமுகமாக்கும் திட்டங்கள் தொடங்கியதும் அன்றுதான்.

திருச்செந்தூரில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ். காயல்பட்டினம் பக்கம் வந்ததும் 2023 டிசம்பர் நினைவு வந்தது. ஒரே நாளில் இங்கே 95 சென்டிமீட்டர் கொட்டியது. பிறகு சாகுபுரம். இங்குள்ள ரசாயன ஆலை உப்புக்கரைசலுக்குள் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா செய்கிறது. கூடவே குளோரினும் ஹைட்ரஜனும் வெளிவரும். ஆக, இந்தக் கடலோரம் மின்சாரத்தால் ஹைட்ரஜனைப் பிரிப்பது பல பத்தாண்டுகளாக நடக்கிற சங்கதி. யாரும் அதற்கு ரிப்பன் வெட்டவில்லை.

ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி, முக்காணிப் பாலத்தில் ஏறியதும் தாமிரபரணி. தண்ணீர் ஓரமாக ஒதுங்கி ஓடியது. பஸ்ஸில் இருந்த ஒரு பெரியவர், வாழை போட்டிருப்பவர், நான் கேட்காமலே தொடங்கினார். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து ஆலைகளுக்குப் போகும் 20 எம்.ஜி.டி. (நாளொன்றுக்கு 2 கோடி காலன்) திட்டம் பற்றிய பழைய புண். பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு. "கடைசிக் கடைமடை நாங்க. மேல எல்லாரும் குடிச்ச மிச்சந்தான் எங்களுக்கு. இப்ப தண்ணியப் பிரிச்சு காஸ் எடுக்கப்போறாவளாமே?"

அவருடைய பயத்துக்குக் கணக்கால் பதில் சொல்ல முடியும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குள் 9 லிட்டர் தண்ணீர் போகிறது. சுத்திகரிப்பில் கழிவது, குளிர்விப்பது எல்லாம் சேர்த்தால் 20 லிட்டர் என்று வையுங்கள். கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகும். அப்படியானால் அந்த 20 லிட்டரைக் கடலிலிருந்தே எடுக்க ஆகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹைட்ரஜனைப் பிரிக்க 50 யூனிட் செலவழிக்கிறவனுக்கு இது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு. எனவே ஆற்றில் கைவைக்க இந்தத் தொழிலுக்கு எந்தச் சாக்கும் கிடையாது. கடல்நீரில் ஓடினால் மட்டும் அனுமதி என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதில் தயங்க ஒன்றுமில்லை. பெரியவர் இவ்வளவையும் கேட்டுவிட்டு, "எழுதுவாவளா?" என்றார். அதற்கு என்னிடம் கணக்கில்லை.

முள்ளக்காடு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் இங்கேதான் எழுந்தது. ஒவ்வொரு காற்றாடியும் 55 கிலோவாட். இன்று தூத்துக்குடித் துறைமுகம் கப்பலேற்றும் காற்றாலை இறக்கைகளில் 80 மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. ஒன்றைத் திருப்ப ஒரு முக்குச்சந்தியையே காலிசெய்ய வேண்டும்.

சித்தப்பா முத்தையாபுரத்தில் இருக்கிறார். ஸ்பிக் உர ஆலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். காபியும் மக்ரூனும் வைத்துவிட்டு, வந்த காரணத்தைக் கேட்டதும் அவரும் சிரித்தார்.

"ஹைட்ரஜன் என்ன புதுசால? அம்பது வருசமா இந்த ஊரு அதுலதான சோறு திங்குது."

உண்மைதான். 1975 முதல் அந்த ஆலை அம்மோனியா செய்கிறது. அம்மோனியா என்றால் காற்றிலிருக்கும் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. அந்த ஹைட்ரஜனை முன்பு நாப்தாவிலிருந்து எடுத்தார்கள். இப்போது ராமநாதபுரத்திலிருந்து குழாயில் வரும் இயற்கை வாயுவிலிருந்து எடுக்கிறார்கள். 1978-ல் பக்கத்திலேயே கனநீர் ஆலை வந்தது. உர ஆலையின் வாயுவை வாங்கி, அதிலிருக்கும் கன ஹைட்ரஜனை மட்டும் சலித்தெடுத்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுக்கும். அணுமின் நிலையங்களுக்கான சரக்கு. அது பிறகு நின்றுபோனது. "பால்ல ஆடையை மட்டும் எடுத்துட்டுப் பாலைத் திருப்பிக் குடுத்த மாதிரி" என்றார் சித்தப்பா.

பசுமை ஹைட்ரஜனுக்கு இயல்பான வாடிக்கையாளர் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறாரே, பிறகென்ன என்று கேட்டேன். அங்கேதான் ஒரு முடிச்சை அவிழ்த்தார். யூரியாவுக்கு அம்மோனியா மட்டும் போதாது, கார்பன் டை ஆக்சைடும் வேண்டும். ஒரு டன் யூரியாவுக்கு முக்கால் டன் அளவுக்கு. இயற்கை வாயுவை உடைக்கும்போது ஹைட்ரஜனோடு அதுவும் கிடைத்துவிடுகிறது. தண்ணீரை உடைத்தால் கிடைக்காது. "மாப்பிள்ளையை மட்டும் அனுப்பிச்சா கல்யாணம் நடக்குமா?"

நடக்க வழி உண்டு, அதுவும் இதே ஊரில். சோடா உப்பு செய்யும் அல்காலி ஆலை, தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துத் தன் தொழிலுக்கே பயன்படுத்தும் ஏற்பாட்டை 2016-லேயே செய்தது. உலகப் பத்திரிகைகள் வந்து எழுதின. அந்த ஆலைக்கு வேண்டியவை இந்த ஊர் உப்பு, அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு. உர ஆலைக்கும் ஏறக்குறைய அதே சாமான்கள். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. ஒருவர் கழிவு இன்னொருவர் சரக்காகும் அளவுக்கு நெருக்கமாக ஆலைகள் அமைந்த ஊர் தமிழ்நாட்டில் அதிகமில்லை. பிராந்தியப் பலன் என்ற சொல்லுக்கு எனக்குப் புரிகிற பொருள் இதுதான்: இங்கே பிரித்த ஹைட்ரஜன், இங்கே உரமாகி, கோவில்பட்டிக் கரிசலுக்கும் தாமிரபரணி வயலுக்கும் போவது.

இப்போதைய திட்டம் வேறு திசையில் பார்க்கிறது. செம்ப்கார்ப், ஜப்பானின் சோஜிட்ஸ், கியூஷு மின்நிறுவனம் ஆகியவை பேசியிருப்பது ஆண்டுக்கு 2 லட்சம் டன் பசுமை அம்மோனியாவை ஜப்பானுக்கு அனுப்புவது பற்றி. ஹைட்ரஜனாக அனுப்பினால் 253 டிகிரிக் குளிர் வேண்டும். அம்மோனியாவுக்கு 33 டிகிரிக் குளிர் போதும். அதனால் இந்த வேஷம். ஏற்றுமதியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. முதலில் அதிக விலைக்கு வாங்குகிறவன் இருந்தால்தான் எந்திரங்கள் மலிவாகும். ஆனால் எங்கள் காற்றும் எங்கள் வெயிலும் கப்பலேறிப் போய் அங்கே நிலக்கரியோடு கலந்து எரியும்போது, ஊரில் தங்கப்போவது என்ன என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அம்மோனியா தங்கும், கொஞ்ச நேரம், தொட்டிகளில். சித்தப்பாவுக்கு அதுதான் கவலை. கசிந்தால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும் என்று ஆலையில் சொல்லிக்கொடுத்ததை ஐம்பது முறை ஒப்பித்தவர். "எங்களுக்குத் தெரியும். வெளிய இருக்கவனுக்கு யாரு சொல்லுவா?" 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் தெருவுக்கு ஓடிவந்ததை அவர் மறக்கவில்லை. 2018 மே 22-ஐ இந்த ஊரில் யாருமே மறக்கவில்லை. தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு; 13 உயிர். இந்த ஊரில் எந்த ஆலையும், பசுமையோ கறுப்போ, முதலில் உட்கார்ந்து பேச வேண்டும்.

இரவு எட்டு மணிக்கு இருவரும் அவருடைய ஸ்கூட்டரில் துறைமுகக் குடியிருப்புப் பக்கம் போனோம். ஆலையை அருகில் பார்க்க முன்பே ஓரிடத்தில் அனுமதி கேட்டிருந்தேன். கடிதம் எந்த மேசையில் உறங்குகிறதோ தெரியாது. விளக்கைப் பார்க்க யாருடைய கடிதமும் தேவைப்படவில்லை. வரிசையாக எரிந்தன. மற்றத் தெருவிளக்குகள்போலவேதான். கீழே ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. பூச்சிகள் சுற்றிச் சுற்றி வந்தன.

அங்கேயே நின்று செல்போனில் கணக்குப் போட்டோம். 10 கன மீட்டர் ஹைட்ரஜன் என்பது ஏறக்குறைய 900 கிராம். அதற்குச் செலவாகும் மின்சாரம் 45 யூனிட்டுக்குமேல். அந்த 900 கிராமை எரிபொருள் மின்கலத்தில் விட்டுத் திரும்ப மின்சாரமாக்கினால் கிடைப்பது 15 யூனிட் சொச்சம். மூன்று பங்கு போட்டு ஒரு பங்கு எடுப்பது. சூரியத்தகட்டையும் ஒரு பேட்டரியையும் விளக்குக்கம்பத்திலேயே கட்டியிருந்தால் இதைவிட மிச்சம். "இது பொருட்காட்சி ஸ்டால்ல வைக்கது மாதிரி" என்றார் சித்தப்பா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பொருட்காட்சி தவறில்லை, பையன்கள் எந்திரத்தில் கைபழக ஒரு சின்ன ஆலை வேண்டும். ஆனால் ஹைட்ரஜனின் இடம் விளக்குக்கம்பம் அல்ல. வேறு எதனாலும் செய்ய முடியாத வேலைக்குத்தான் அது: உரம், உருக்கு, நீண்டதூரக் கப்பல். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவரின் பெயர் தாங்கிய துறைமுகத்தில் கப்பலுக்கான எரிபொருள் என்பது பொருத்தமும்கூட. செப்டம்பர் 5 விழாவிலேயே, 750 கன மீட்டர் பசுமை மெத்தனால் நிரப்பும் வசதிக்கும் அடிக்கல் நாட்டினார்கள். விளக்கைவிட அதுவே எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது.

விடியக்காலையில் முள்ளக்காடு உப்பளத்துக்குத் திரும்பிவந்தேன். வெயில் ஏறுமுன் வாரி முடிக்க வேண்டும் என்று ஐந்து மணிக்கே பாத்திக்குள் இறங்கியிருந்தார்கள். ஆண்கள் வாருபலகையால் இழுத்து வரப்போரம் குவிக்க, பெண்கள் அள்ளித் தட்டுமேட்டுக்குச் சுமந்தார்கள். காலில் சாக்ஸ் மாதிரி எதையோ சுற்றி ரப்பர் செருப்பு. கண் கூசும் வெள்ளை. ஓர் அக்கா தண்ணீர் குடிக்க வரப்புக்கு வந்தபோது காலைக் காட்டினார். விரலிடுக்குகளில் உப்பு அறுத்த புண், பழையதும் புதியதுமாக.

இந்தப் பக்கத்தில்தான் நாளொன்றுக்கு 6 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்குத் திட்டம் இருக்கிறது. அதிலிருந்து வெளிவரும் கழிவுநீர் கடல்நீரைப்போல் இருமடங்கு உப்பு. மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளும் பவளப்பாறையும் உள்ள தேசியப் பூங்கா ஓரத்தில், அதைக் கொட்டினால் மீனவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், இருக்கவும் கூடாது. அளத்துக் கங்காணியிடம் கேட்டேன்: அந்தத் தண்ணீரை அளத்துக்குக் கொடுத்தால்? அவர் முகம் மாறியது. உப்புச் செறிவுக் கணக்கில் கடல்நீர் மூன்றரை டிகிரியில் உள்ளே வரும். வெயிலில் காய்ந்து காய்ந்து 25 டிகிரி தொட்டால்தான் உப்பு விழும். "ஏழு டிகிரில கிடைச்சா பத்துப் பதினஞ்சு நாள் மிச்சம் சார். மருந்து கலக்காம குடுப்பானா?" குடிநீர் ஆலையின் வடிகட்டும் சவ்வைக் காக்கச் சேர்க்கும் ரசாயனத்தைச் சொல்கிறார். நல்ல கேள்வி. திட்டம் போடுகிறவர்கள் இவரை ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

அக்காவிடம் ஹைட்ரஜன் பற்றிக் கேட்டேன். அவர் கேள்விப்பட்டது வேறு. "அளத்தை எடுத்துட்டுக் கப்பல் கட்டுத எடம் வரப்போகுதுன்னு பேசிக்கிடுதாவ. காஸ் கம்பெனியும் வருதாக்கும்? எங்களுக்கு அங்க என்ன வேலை தம்பி?" பாத்ரூம் கழுவுகிற வேலை என்று அவரே பதிலும் சொல்லிச் சிரித்தார். அவருடைய மகள் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிக்கிறாள். எலக்ட்ரோலைசர் அறைக்குள் உட்காரப்போகிற அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியாக அவள் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கினால், மற்ற எல்லா அறிவிப்பையும் நான் நம்பத் தயார்.

வடக்கே வானம் மங்கலாக இருந்தது. தட்டுமேட்டில் குவித்த உப்பைப் பனையோலை போட்டு மூடத் தொடங்கியிருந்தார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் அளத்தில் வேலை கிடையாது. திரும்பப் பாத்தி கட்டுவது தை பிறந்த பிறகுதான். அந்த மாதங்களுக்காக அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாய்.